அறுபத்தைந்தில் ஒரு பென்சில் கோடு

வீடு மாற்ற லாரி சனிக்கிழமை காலை வரும் என்று மகள் அவளிடம் போனில் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மா, அங்க இருக்கிறதே ரெண்டு ரூம். அப்பாவோட கிட்டாருக்கெல்லாம் இடமே இல்ல. தயவுசெஞ்சு ஏதாவது பண்ணிடுங்க" என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டாள். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு, ஒரு திங்கட்கிழமை காலையில் இப்படித்தான் நடுக்கூடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆறு கிட்டார்கள் முன்னறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஆறையும் தன் கையால் செய்தவர் அவள் கணவர். கிட்டார் அவருக்குத் தொழில் இல்லை. பல்செட் செய்வதுதான் தொழில். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் செய்து கொடுத்தே முப்பத்தெட்டு வருஷத்தை ஓட்டியவர். தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்றுதான் பெயர். அவளை யாராவது பல்லுக்காரர் வீட்டம்மா என்று கூப்பிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் வராது? அவள் தையல்காரி. அந்தத் தெருவில் பாதிப் பேர் உடம்பில் கிடந்தது அவள் தைத்த துணி. அவர் செய்த பல் நாலைந்து வாயில்தான் இருந்தது, அதுவும் ராத்திரியானால் டம்ளர் தண்ணீருக்குப் போய்விடும்.

கிட்டார்களுக்கு வருவோம். முதலாவதற்குக் கழுத்து கோணிக்கொண்டது. யாரையோ எட்டிப் பார்ப்பது போல நிற்கும். 'எட்டிப்பாப்பான்' என்று மகள் சின்ன வயதில் பெயர் வைத்தாள். இரண்டாவதை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும், அத்தனை கனம். அதன் பெயர் 'பீரோ'. மூன்றாவது ஒரு வெயில் நாளில் யாரும் தொடாமலே டப்பென்று முதுகு பிளந்தது. அவர் அசரவில்லை. பல்செட்டுக்கு ஈறு செய்யும் ரோஸ் நிறப் பசையை ஊற்றிப் பிளவை அடைத்தார். ஈறு வைத்த கிட்டார் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான்கும் ஐந்தும் ஆறும் அப்படியில்லை. அவை அழகு. உண்மையாகவே அழகு. விரல் வைக்க அடையாளமாகக் கழுத்தில் பதிக்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கு, வேலையில் மிஞ்சிய செயற்கைப் பற்களைத் தட்டையாகத் தேய்த்துப் பதித்திருந்தார். விளக்கு வெளிச்சம் பட்டால் மூன்றும் லேசாகச் சிரிக்கும். ஆனால் வாசித்தால் கதை வேறு. கழுத்தின் நுனியில் விரல் வைக்கும்வரை தேனாக இருக்கும். விரல் கீழே உடலான குடத்துப் பக்கம் நகர நகர, சுருதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இறங்கிவிடும்.

இந்த ஆறையும் என்ன செய்யலாம் என்று அந்த வாரம் ஊரே யோசனை சொன்னது. மாப்பிள்ளை ஒன்றைச் சுவர்க் கடிகாரமாக்கலாம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா, வயிற்று ஓட்டையில் மண் போட்டுச் செடி வைக்கலாம் என்றாள். பால்காரர், குருவி கூடு கட்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றார். வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பல்லுக்காரருக்கு இந்த யோசனைகள் பாதி கேட்டன, பாதி கேட்கவில்லை. பல் தேய்க்கும் மோட்டார் காதோரம் முப்பத்தெட்டு வருஷம் கத்தியதில், கடைசிப் பத்து வருஷமாக அவருக்குக் காது கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. காதுக்கு வைக்கும் மிஷின் ஒன்று மகள் வாங்கித் தந்தாள். அதில் எல்லாமே தகரத்தில் மழை பெய்வது போலக் கேட்கிறதென்று அதை டிராயரில் போட்டுவிட்டார். மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக்கூட அவருக்கு ஒரு வழி இருந்தது. ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை மோட்டார் மேல் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொள்வார். "பேரிங் போயிடுச்சு" என்பார். பார்த்தால் போயிருக்கும். ஊருக்கெல்லாம் பல் கட்டியவர் வாயில் அத்தனையும் சொந்தப் பல். அவருக்கிருந்த ஒரே கர்வம் அது.

எல்லோரும் பேசி முடித்தபிறகு அவர் சொன்னார்: "அறுத்துடலாம்மா. வெள்ளிக்கிழமை நானே அறுத்துடறேன். விட்டுட்டுப் போனா யாராவது எடுத்து வாசிப்பான். யார் பண்ணினதுன்னு கேப்பான்."

இதைக் கேட்டு அவள் குளிர்ந்திருக்க வேண்டும். அந்தக் கிட்டார்களால் அவள் பட்ட பாடு கொஞ்சமா? வெள்ளைத் துணி வெட்டிப் போட்ட நேரமாகப் பார்த்து மரத்தூள் பறந்து வரும். ஒரு மணப்பெண்ணின் உடையில் பாலிஷ் சொட்டி, அழுதுகொண்டே மறுபடி தைத்தாள். 'இந்தக் கட்டைகளைக் கட்டிக்கிட்டு அழுங்க' என்று அவள் திட்டாத மாதம் கிடையாது. ஆனால் அறுத்துடலாம் என்று அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. கத்தரியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தேடினாள்.

அந்த முன்னறையில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் அவர் மோட்டார், இந்தப் பக்கம் அவள் மிதி மெஷின். வேலை நடக்கும்போது அவர் முணுமுணுவென்று பாடுவார். வார்த்தை இருக்காது, ராகம் மட்டும்தான். மோட்டார் சத்தத்துக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். அவளுக்கே தெரியாமல் அவள் கால் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் வேகமாகப் பாடிய நாளில் அவள் இரண்டு சட்டை கூடுதலாகத் தைத்தாள். சோர்ந்து பாடினால் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலையை வைத்துக்கொள்வாள். ஒருநாள் கூட இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அந்தப் பாட்டை நிறுத்தியது அவள் கொழுந்தன், அவருடைய தம்பி. மேடைகளில் கிட்டார் வாசிக்கிறவர். பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தவரிடம் பல்லுக்காரர் ஆறாவது கிட்டாரை நீட்டினார். கொழுந்தன் நுனியில் வாசித்தார், முகம் மலர்ந்தது. விரலை நகர்த்தினார், முகம் சுருங்கியது. மூன்று தடவை சுருதி கூட்டிப் பார்த்தார். பிறகு கிட்டாரைப் பூப்போலக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, உங்க கை தங்கம். வேலைப்பாட்டுல ஒரு குறை சொல்ல முடியாது. காதுதான் கொஞ்சம்… எல்லாருக்கும் எல்லாம் அமையாது இல்லையா?" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அதுதான் வலித்தது. பல்லுக்காரர் சிரித்துக்கொண்டே கிட்டாரை ஆணியில் மாட்டினார். ஏழாவதற்கு வாங்கி வைத்த பலகை அப்படியே கிடந்து, பிறகு துணி வெட்டும் மேஜைக்கு முட்டுக்கட்டையாயிற்று. மறுநாளிலிருந்து திரைக்கு அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. காதில்லாதவன் எதற்குப் பாடுவது என்று நினைத்துவிட்டார் போல. பிறகு நிஜமாகவே காது போயிற்று. அப்போது அவர் பெரிதாக வருத்தப்படக்கூட இல்லை.

புதன்கிழமை அவள் தன் தையல் டிராயரைக் காலி செய்ய உட்கார்ந்தாள். பாபின்கள், மொட்டையான சாக்கட்டிகள், ஜோடியில்லாத பொத்தான்கள். அடியில் சுருண்டு கிடந்தது அவளுடைய பழைய டேப். தையல் பழகப் போன காலத்தில் வாங்கியது. எண்கள் மங்கி, ஓரம் பிசிறடித்து, பித்தளை முனை கறுத்துப் போயிருந்தது. தூக்கிப் போடத்தான் எடுத்தாள். கையில் ஏதோ சொரசொரவென்று பட்டது. பார்த்தால், காய்ந்த மரப்பசைச் சொட்டுகள். அறுபத்தைந்து என்ற எண் மேல் அழுத்தமாக ஒரு பென்சில் கோடு.

அவளுக்கு எல்லாம் ஒரே அடியாக ஞாபகம் வந்தது.

முதல் மூன்று கிட்டார்களுக்கும் அவர் அளவெடுத்தது, தச்சரிடம் இரவல் வாங்கிய மடக்கு அளவுகோலில். தச்சர் அதைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அவரிடம் இருந்த இரும்பு ஸ்கேலோ ஒரு அடிதான். பல் வேலைக்கு அதுவே ஜாஸ்தி. கழுத்தில் குறுக்கே பதிக்கும் மெட்டுக்கம்பிகளுக்குத் தம்பி ஒரு அச்சுத்தகடு தந்திருந்தார், அதில் பிசகே வராது. குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டையை அவர் குதிரை என்பார். அந்தக் குதிரையை, கழுத்து நுனியிலிருந்து சரியாக அறுபத்தைந்து சென்டிமீட்டரில் ஒட்ட வேண்டும், கொஞ்சம் தள்ளிப்போனாலும் சுருதி தளர்ந்துவிடும். அதற்குத்தான் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "டேப்பைக் கொஞ்சம் குடும்மா" என்றார்.

அவள் கழுத்தில் புது டேப் தொங்கியது. அதில் பசை படுமே என்று அவளுக்குக் கை வரவில்லை. டிராயரைத் திறந்து பழையதை எடுத்துக் கொடுத்தாள். அது இழுபட்டு நீண்டுபோன டேப் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை புதியதில் அளவெடுத்து, அவசரத்தில் பழையதை வைத்து வெட்டி, ஒரு வாத்தியார் கோட்டு தொளதொளவென்று போனதால்தான் அதை ஒதுக்கியே வைத்தாள். தெரிந்துதான் கொடுத்தாள். 'கிட்டார் என்ன, போட்டுக்கிட்டு வெளிய போகவா போகுது' என்று நினைத்ததுகூட ஞாபகம் வந்தது.

இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். பழையதன் பென்சில் கோடு, புதியதில் அறுபத்தைந்தே முக்காலில் போய் நின்றது. முன்னறைக்குப் போய் ஆறாவது கிட்டாரை அளந்தாள். அறுபத்தைந்தே முக்கால். ஐந்தாவதும் அதே. நான்காவதும் அதே.

ஒரு மணி நேரம் அவள் டிராயர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். டேப்பைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெள்ளிக்கிழமை அறுத்துவிடுவார், சனிக்கிழமை லாரி வந்துவிடும். கேட்காத காதுக்கு இப்போது சரியான சுருதி எதற்கு? பதினான்கு வருஷம் போனது போனதுதானே. இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. அந்த மனிதர் தன் காதையே சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொண்டது தன்னால் என்று தெரிந்தபிறகு, அவரோடு ஒரே வீட்டில் எப்படிச் சாப்பிட்டுத் தூங்குவது?

குற்றத்தைக் காதோரம் மெல்லச் சொல்ல அந்த வீட்டில் வசதியில்லை. அவள் கத்த வேண்டியிருந்தது.

"ஏங்க! உங்க காதுல தப்பில்லைங்க! டேப் தப்பு!"

"எந்தப் பாப்பா?"

"டேப்புங்க, டேப்பு! இழுபட்டுப்போன டேப்பை நான் கொடுத்துட்டேன்! தெரிஞ்சேதான் கொடுத்தேன்! புதுசுல பசை படும்னு!"

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்தது கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும். அவள் இரண்டு டேப்பையும் அவர் முன்னால் மேஜையில் விரித்து, பென்சில் கோட்டைக் காட்டினாள். கிட்டாரைக் கொண்டுவந்து படுக்கவைத்து, புதியதால் அளந்து காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தானே ஒருமுறை அளந்தார்.

"முக்கால்" என்றார். பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்து, "நான் நாலாவதுலயே சொன்னேனே. ஏதோ இடிக்குதுன்னு."

"சொன்னீங்க. நீங்கதான் முதல்ல சொன்னீங்க."

"நீ நல்லா இருக்குன்னு சொன்ன."

அதுவும் வாஸ்தவம். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஆறு கிட்டாருக்கும் ஆறு தடவை, 'நல்லா இருக்குங்க' என்று சொன்னவள்தான் அவள்.

"பதினாலு வருஷம்மா" என்றார் அவர். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசி, அழுது, முடித்திருப்பாள். அவர் எழுந்து பின்பக்கம் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். டீ கொண்டுபோய் வைத்தாள், ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை காலை அவள் கண் விழித்தபோது ரம்பச் சத்தம் கேட்டது. தலையைக்கூட முடியாமல் ஓடினாள்.

எட்டிப்பாப்பானும் பீரோவும் ஏற்கெனவே துண்டுகளாகக் கிடந்தன. ஈறு வைத்தது ரம்பத்துக்கு அடியில் இருந்தது. மற்ற மூன்றும் சுவரில் அப்படியே தொங்கின.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இது மூணும் என் சொந்தத் தப்பு. இதுக்கு உன் டேப் மேல பழி போட முடியாது" என்றார். அறுத்து முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, ஆறாவது கிட்டாரை இறக்கி மேஜையில் வைத்தார். கம்பிகளைக் கழற்றினார். பல்செட் வேலைக்கு மெழுகு உருக்கும் தட்டைக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, சூடானதும் குதிரைக்கு அடியில் மயிரிழை மயிரிழையாக நுழைத்தார். ஈறு புண்படாமல் வேலை செய்து பழகிய கை. பசை இளகி, குதிரை ஒரு கீறல் இல்லாமல் கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் மரம் வெளுத்துத் தெரிந்தது.

"டேப்பைக் குடு" என்று கையை நீட்டினார். "புதுசு."

அவள் தன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவர் கட்டைவிரல் பசையோடு டேப்பின் மேல் பதிந்தது. ஒரு முழுக் கை பசை பட்டிருந்தாலும் அவள் கோபித்திருக்க மாட்டாள்.

பசை காய ஒரு நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை மதியம் வீடு காலியாக இருந்தது. பெட்டிகள் கட்டியாயிற்று. அவள் மெஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டு வாசலோரம் நிறுத்தியிருந்தார்கள். முன்னறையில் இரண்டு ஸ்டூல் மட்டும் மிச்சம். திரையையும் கழற்றிவிட்டதால் அந்த அறை அவளுக்கு யாரோ வீடு மாதிரி இருந்தது.

அவர் புதுக் கம்பி போட்டு முறுக்கினார். சுருதி கூட்டக் காது வேண்டுமே. அவள்தான் பக்கத்தில் நின்று, அவர் விரல் வைத்துத் தட்டிய கம்பியோடு அடுத்த கம்பி ஒத்துப்போகும்வரை, ஏற்றுங்க, இறக்குங்க என்று கையால் ஜாடை காட்டினாள். பிறகு கிட்டாரை அவள் மடியில் வைத்தார்.

"ரெண்டு பல்லு பக்கத்துல பக்கத்துல இருக்கு பாரு, அதான் கம்பிக்குச் சரிபாதி. முதல்ல சும்மா தட்டு. அப்புறம் அங்க அமுக்கித் தட்டு. ரெண்டும் ஒரே ஸ்வரமா வரணும், பின்னது உசரத்துல."

தட்டினாள். அமுக்கித் தட்டினாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் தையலில் ஓரம் ஓரத்தோடு சேர்ந்துவிட்டதா என்று கைக்குத் தெரியுமே, அப்படி அது சேர்ந்து உட்கார்ந்தது.

"ஒண்ணாதாங்க இருக்கு! கொஞ்சம்கூட இடிக்கல!"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "என் மனசுக்காகச் சொல்லாத."

"சத்தியமாங்க!"

"நீ முன்னயும் அப்படித்தான் சொன்ன."

இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்கிறாள், அதை நிரூபிக்க வழியில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தப்பான டேப்பைக் கொடுத்ததைவிட, தலை தூக்காமல் சொன்ன அந்த ஆறு 'நல்லா இருக்குங்க'தான் பெரிய குற்றம் என்று அப்போது தோன்றியது.

அவர் தன் ஸ்டூலை இழுத்து நெருக்கமாகப் போட்டார். குனிந்தார். என்ன செய்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. மோட்டாருக்குக் குச்சியைக் கடிப்பாரே, அதேபோல, கிட்டார் குடத்தின் மேல் விளிம்பில் மெல்லப் பல்லை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் தலை கிட்டத்தட்ட அவள் மார்பின் மேல் இருந்தது. முடி எவ்வளவு வெளுத்துவிட்டது என்று இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்து நாளாயிற்று.

"ம்" என்றார், தட்டு என்பதாக.

அவள் தட்டினாள். அமுக்கித் தட்டினாள். அவர் அசையவில்லை. மறுபடி கையை ஆட்டினார், மறுபடி தட்டினாள். அடுத்த கம்பி. அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் மூச்சை நிறுத்திக் கேட்டார். ஆறாவது கம்பி அடங்கும்வரை காத்திருந்தார். அவர் தோள்கள் மெதுவாகக் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மேலேயிருந்து அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க? இடிக்குதா?"

அவர் பல்லை எடுக்கவில்லை. தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினார். கிட்டார் குடம் அவள் வயிற்றோரம் லேசாக அதிர்ந்தது. யாரும் கம்பியைத் தொடவில்லையே என்று அவள் திகைத்தாள். பிறகுதான் விளங்கியது. அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வார்த்தை இல்லாத அந்தப் பழைய ராகம், பல்லின் வழியாக மரத்தில் இறங்கி, மரத்தின் வழியாக அவளுக்கு வந்தது. குரல் கரகரத்திருந்தது. இடையில் ஒரு இடம் மறந்து, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

அவள் வலது கால் தரையில் மிதித்துக்கொண்டிருந்தது. மெஷின் போர்வைக்குள் வாசலில் நின்றது.